வீடு வாங்கியாச்சு.. பால் காய்ச்சியாச்சு.. பெயர் மாத்தியாச்சா? பட்டா முதல் ஓட்டு வரை முழு விவரம்!

பதிவு அலுவலகத்தில் கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததும் வீடு வாங்கியவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "அப்பாடா, முடிஞ்சது". அடுத்து நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சி, சாமான்களை இறக்கிக் குடியேறிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த வீட்டுக்கு வரும் கரண்ட் பில் பழைய உரிமையாளர் பெயரில்தான் வரும். சொத்து வரி ரசீதிலும் அவர் பெயர்தான். பட்டாவை எடுத்துப் பார்த்தால், சில வீடுகளில் அவருக்கு முன்னால் இருந்தவரின் பெயர்கூட இருக்கும்.

கிரயப் பத்திரம் பதிந்ததுமே வீடு வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. மற்ற அலுவலகக் கணக்குகளில் பெரும்பாலானவை தானாக மாறுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பித்துத்தான் மாற்ற வேண்டும். தமிழ்நாட்டில் வீடு வாங்கியவர்கள் எதை, எந்த வரிசையில் மாற்ற வேண்டும்? பார்க்கலாம்.

அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா என்ன ஆகும்?

இந்த வேலைகளில் சிலவற்றுக்கு விற்றவரின் கையெழுத்து வேண்டும். பணம் கைமாறிய முதல் சில வாரங்களில் அவர் போனை எடுப்பார், கூப்பிட்டால் வருவார். இரண்டு வருடம் கழித்து அவர் வேறு ஊரில் இருக்கலாம், போன் நம்பர் மாறியிருக்கலாம். அவர் இறந்துவிட்டால் வாரிசுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கும். எனவே குடியேறிய கையோடு, விற்றவர் எட்டும் தூரத்தில் இருக்கும்போதே அவருடைய கையெழுத்து தேவைப்படும் வேலைகளை முதலில் முடிப்பது நல்லது.

முதல் வேலை: பத்திரத்தைப் படிங்க

பதிவு முடிந்த பத்திரம் கைக்கு வந்ததும் பலர் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வங்கிக் கடன் என்றால் அது நேராக வங்கிக்கே போய்விடும். அதற்கு முன் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், பரப்பளவு, நான்கு எல்லைகள், கதவு எண் எல்லாம் சரியா என்று பார்க்க வேண்டும்.

சர்வே எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பட்டா மாறுவதில் சிக்கல் வரும். பிழை இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் பதிய வேண்டும். அதற்கும் விற்றவரின் கையெழுத்து தேவை.

அடுத்து, பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன் வில்லங்கம் பார்த்தவர்கள்கூட வாங்கிய பின் பார்ப்பதில்லை. புதிய கிரயம் அதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வீட்டுக் கடன் வாங்கியிருந்தால், வங்கியிடம் பத்திரங்களை ஒப்படைத்ததற்கான பதிவும் அதில் தெரியலாம். அது கடனை அடைக்கும் வரை இருக்க வேண்டிய பதிவுதான், பதற வேண்டாம்.

வங்கியில் கொடுத்த ஒவ்வொரு ஒரிஜினலுக்கும் பட்டியலும், அதில் வங்கியின் முத்திரையும் வாங்கி வைக்க வேண்டும். கடனை முழுவதும் அடைத்த 30 நாட்களுக்குள் ஒரிஜினல் ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதத்துக்கு வங்கியே காரணம் என்றால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் இந்த விதி அமலில் இருக்கிறது. என்னென்ன கொடுத்தோம் என்பதற்குப் பட்டியல் இருந்தால்தான் கேட்க முடியும்.

50 லட்சத்துக்கு மேலயா? டிடிஎஸ் கட்டியாச்சா?

வீட்டின் விலையோ, முத்திரைத் தீர்வைக்கான மதிப்போ 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால், இரண்டில் எது அதிகமோ அதில் 1 சதவீதத்தை விற்றவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. பிடித்தம் செய்த மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் கட்ட வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டணமும், வட்டியும் சேரும்.

விற்றவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் கணக்கே வேறு. பிடித்தம் 1 சதவீதத்தோடு நிற்காது. அப்படிப்பட்ட நிலையில் ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

பட்டா தானா மாறிடுமா?

சில நேரங்களில் மாறும். விற்றவரின் பெயரிலேயே பட்டா இருந்து, அந்த நிலம் முழுவதையும் உட்பிரிவு இல்லாமல் விற்றிருந்தால், பத்திரப் பதிவின் அடிப்படையிலேயே பட்டா தானாக மாறும் வசதி தமிழ்நாட்டில் இருக்கிறது. மாறிவிட்டதா என்பதை வருவாய்த் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம்.

ஒரு நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும். சர்வேயர் வந்து அளந்த பிறகே புதிய எண் கிடைக்கும். இதற்கு 'தமிழ்நிலம்' இணையதளத்திலோ, இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் எங்கே வரும்? விற்றவர் தன் பெயருக்குப் பட்டாவை மாற்றாமலே விற்றிருந்தால் வரும். அப்பா பெயரில் பட்டா, மகன் விற்றிருக்கிறார் என்றால் தாய்ப்பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று முழுச் சங்கிலியையும் காட்ட வேண்டியிருக்கும். இந்த நகல்களையும் விற்றவரிடமிருந்து இப்போதே வாங்கி வைப்பது நல்லது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

சொத்துரிமைக்கு அடிப்படை கிரயப் பத்திரம்தான். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. "பத்திரம் இருக்கே, பட்டா எதுக்கு?" என்று விட்டுவிடவும் முடியாது. வீட்டை இடித்துக் கட்ட அனுமதி கேட்கும்போதும், மறுபடி விற்கும்போதும் பட்டாவைத்தான் முதலில் கேட்பார்கள்.

சொத்து வரி, தண்ணீர் வரி

சொத்து வரி ஆண்டுக்கு இரண்டு முறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றோர் அரையாண்டு. பெயர் மாற்ற கிரயப் பத்திர நகலும், கடைசியாக வரி கட்டிய ரசீதும் முக்கியம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்திலோ அவற்றின் இணையதளத்திலோ விண்ணப்பிக்கலாம். கிராமம் என்றால் ஊராட்சி அலுவலகம்.

சொத்து வரி பாக்கி ஆளைத் தொடர்வதில்லை, கட்டடத்தைத் தொடரும். பழைய உரிமையாளர் மூன்று வருடம் கட்டாமல் விட்டிருந்தாலும் நோட்டீஸ் வருவது இந்த வீட்டுக்குத்தான். பெயர் மாறாமல் இருந்தால், அந்த நோட்டீஸிலும் வேறொருவர் பெயர் இருக்கும்.

சென்னையில் குடிநீர் வாரியத்தின் வரியும் கட்டணமும் தனிக் கணக்கு. மாநகராட்சியில் பெயர் மாறினால் அங்கேயும் மாறிவிட்டது என்று நினைக்காமல், குடிநீர் வாரியக் கணக்கையும் சரிபார்க்க வேண்டும்.

இ.பி. கணக்கு: டெபாசிட் யாருக்கு?

மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு மின் வாரிய இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிரயப் பத்திரம் அல்லது புதிய பெயரில் உள்ள சொத்து வரி ரசீது ஆதாரமாகக் கேட்கப்படும்.

இங்கே விற்றவரின் சம்மதக் கடிதம் பெரிய உதவி. அந்தக் கடிதம் இருந்தால், அவர் ஏற்கெனவே கட்டிய பாதுகாப்பு வைப்புத்தொகை புதியவர் பெயருக்கு மாறும். கடிதம் கிடைக்கவில்லை என்றாலும் பெயர் மாற்றலாம், ஆனால் உறுதிமொழி கொடுத்து டெபாசிட்டைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும்.

மொபைல் நம்பரையும் உடனே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பில் விவரம் பழைய உரிமையாளருக்கே எஸ்எம்எஸ்ஸாகப் போகும். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும் என்பதால், தகவல் தெரியாமல் இருந்தால் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்து நிற்கும்போதுதான் விஷயமே தெரியும்.

பழைய மின் கட்டண பாக்கி இருந்தால்? "அது அவர் பாக்கி, நான் ஏன் கட்டணும்?" என்ற வாதம் எப்போதும் எடுபடாது. மின் விநியோக விதிகளில் இடமிருந்தால், பழைய பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று புதிய உரிமையாளரிடம் மின் நிறுவனங்கள் நிபந்தனை விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்தது.

அபார்ட்மென்ட் வாங்கியவர்களுக்கு

அடுக்குமாடி வீட்டில் நிலம் தனித்தனியாகப் பிரிவதில்லை. ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத பங்கு, அதாவது யூடிஎஸ் இருக்கும். பத்திரத்தில் அந்தப் பங்கு எத்தனை சதுர அடி என்று பார்த்து வைக்க வேண்டும். பின்னாளில் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது அதுதான் கணக்கு.

பழைய பிளாட் என்றால், பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி இல்லை என்ற கடிதத்தைச் சங்கத்திடம் கேட்டு வாங்க வேண்டும். உறுப்பினர் பெயரையும், கார் பார்க்கிங் எது என்பதையும் சங்கப் பதிவேட்டில் மாற்ற வேண்டும்.

பில்டரிடமிருந்து புதிதாக வாங்கிய பிளாட் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கைகொடுக்கும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை, வேலைத்தரக் குறை தெரிந்து புகார் சொன்னால், 30 நாட்களுக்குள் கூடுதல் பணம் வாங்காமல் பில்டர் சரிசெய்ய வேண்டும். சுவரில் விரிசல், கூரையில் நீர்க்கசிவு என்றால் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, எழுத்துபூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். போனில் சொன்னதற்கு சாட்சி கிடையாது.

ஆதார், ரேஷன், ஓட்டு, கேஸ்: எது முதலில்?

இங்கேதான் வரிசை முக்கியம். ஆதாரில் முகவரி மாற்ற, மூன்று மாதத்துக்குள் வந்த மின் கட்டண ரசீதும், ஓராண்டுக்குள் கட்டிய சொத்து வரி ரசீதும் ஏற்கப்படும். ஆனால் அவை சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். அதனால்தான் இ.பி.யும் சொத்து வரியும் முதலில், ஆதார் அதன் பிறகு.

ஆதார் மாறினால் மற்றவை எளிது. ரேஷன் அட்டைக்கு உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளத்தில் முகவரி மாற்றம் கேட்கலாம். கடையும் அதற்கேற்ப மாறும். வங்கிக் கணக்கில் கேஒய்சி விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். வண்டியின் ஆர்சி புத்தகத்தில் முகவரி மாற்றத்தை 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம்.

வாக்காளர் பட்டியலில் இடம் மாறியவர்களுக்குப் படிவம் 8. அதே தொகுதிக்குள் மாறினாலும், வேறு தொகுதிக்குப் போனாலும் இதே படிவம்தான். பழைய முகவரியில் ஆள் இல்லை என்று பெயர் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தால், படிவம் 6 கொடுத்துப் புதிதாகச் சேர வேண்டும்.

கேஸ் இணைப்பு அதே ஏஜென்சியின் எல்லைக்குள் என்றால் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். வேறு ஊர் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அங்கே தரும் ரசீதைப் புதிய ஏஜென்சியில் காட்ட வேண்டும். வேறு ஊருக்கு சிலிண்டரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவது வேண்டாம்.

சாமான் இறக்கும் முன் வீட்டுக்குள் 5 வேலை

• மெயின் கதவுப் பூட்டை மாற்ற வேண்டும். பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது தெரியாது.

• சம்ப், மாடித் தொட்டி இரண்டையும் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்த பிறகே தண்ணீர் பிடிக்க வேண்டும்.

• எர்த் சரியாக இருக்கிறதா, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

• மழைநீர் சேகரிப்புத் தொட்டி எங்கே என்று விற்றவரிடமே கேட்டு, தூர் வார வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் இது எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம்.

• செப்டிக் டேங்க் மூடி, போர்வெல் ஆழம், மோட்டார் லைன், குழாய் வால்வுகள் எல்லாவற்றையும் விற்றவரோடு நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். டைல்ஸுக்கு அடியில் எது ஓடுகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

சுருக்கமா, இதுதான் வரிசை

முதல் வாரம்: பத்திரத்தில் பிழை பார்ப்பது, விற்றவரிடம் இ.பி. சம்மதக் கடிதம், பழைய வரி ரசீதுகள், தாய்ப்பத்திர நகல்கள் வாங்குவது, பூட்டு மாற்றுவது.

முதல் மாதம்: டிடிஎஸ், புதிய வில்லங்கச் சான்று, பட்டா விண்ணப்பம், சொத்து வரி மற்றும் இ.பி. பெயர் மாற்ற விண்ணப்பங்கள், கேஸ், ஆர்சி முகவரி.

மூன்று மாதத்துக்குள்: தண்ணீர் வரி, ஆதார், அதன் பிறகு ரேஷன், வங்கி, வாக்காளர் பட்டியல்.

ஒவ்வொரு விண்ணப்ப எண்ணையும் ஒரே நோட்டில் எழுதி, ரசீதுகளை ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.