சுண்ணம், சுண்ணாம்பு, சுனாம்

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தை 1678இல் கட்டத் தொடங்கி 1680இல் திறந்தார்கள். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்பதற்காகக் கூரையை மரமில்லாமல், செங்கல் வளைவாகவே எழுப்பினார்கள். செங்கல்லைப் பிணைத்ததும் சுவரை மூடியதும் சுண்ணாம்புச் சாந்து. ஆங்கிலேயருக்கு அவர்கள் ஊரிலேயே அதற்கு லைம், மார்ட்டர், பிளாஸ்டர் என்று பல பெயர்கள் இருந்தன. ஆனாலும் சென்னைச் சாந்தை அவர்கள் ‘சுனாம்’ என்றும் எழுதினார்கள். சொந்தச் சொல் கையில் இருக்கும்போது ஒருவர் இரவல் சொல்லை எடுப்பது, பொருள் வேறு என்று கண்டுகொண்டபோதுதான்.

சுனாம் என்பது நம் சுண்ணத்தின் ஆங்கில வடிவம். சுண்ணாம்புக்கும் முன்னோடி சுண்ணமே. அதன் மூலம் ‘சூர்ண’ என்னும் வடசொல், பிராகிருதத்தில் ‘சுண்ண’. பொடி என்பதே பொருள். சித்த மருத்துவத்தின் சூரணமும் இதே குடும்பம்தான். பழந்தமிழில் சுண்ணம் என்றால் பெரும்பாலும் வாசனைப்பொடி. திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம், பெண்கள் கூடி அதை இடிக்கும் பாட்டு. தொல்காப்பியம் பொருள்கோள் வகைகளில் ஒன்றுக்கும் சுண்ணம் என்றே பெயர் வைத்திருக்கிறது. பொடிபோலச் சிதறிக் கிடக்கும் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்வது அது. ஆக, இந்தச் சொல்லின் உயிர் வெண்மையில் இல்லை; இடிப்பதிலும் அரைப்பதிலும் இருக்கிறது.

பொருளும் அப்படித்தான் உருவானது. சோழமண்டலக் கரையில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. அதைக் காளவாயில் சுட்டு, தண்ணீர் விட்டுத் தாளித்தால் கொதித்து, உடைந்து, நீறாகும். அந்த நீற்றோடு மணலைச் சேர்த்து, வட்டக் குழியில் மாடு இழுக்கும் கல்லுருளையின் கீழ் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லக் கரைசலும் இடையிடையே சேரும். வெறுந்தண்ணீரைவிடச் சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு அதிகம் கரையும். வெல்லம் சேர்ப்பது சடங்கல்ல, வேதியியல். கடைசிப் பூச்சுக்கு மட்டும் நயமான கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, தயிர். பூசிய பிறகு, ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தால் சுவர் சலவைக்கல்லாகப் பளபளக்கும்.

செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநர் ஐசக் பைக், சென்னையில் சாந்து செய்யும் முறையை எழுதி அனுப்ப, லண்டன் ராயல் சொசைட்டி 1732 வாக்கில் தன் இதழில் அதை வெளியிட்டது. வெல்லம், கடுக்காய், பயறு வேகவைத்த நீர் என்று நம் கொத்தனார்களின் சரக்கு அப்படியே கடல் கடந்து அச்சேறியது. எழும்பூரில் பொறியாளர் டி ஹாவிலாந்து கட்டிய புனித ஆண்ட்ரூ ஆலயம் 1821இல் திறக்கப்பட்டது. வட்டக் கூடத்தில் குவிமாடத்தைத் தாங்கி நிற்கும் 16 தூண்களின் வெண்மெருகு, சுனாம் தந்தது. வரைபடம் ஐரோப்பியப் பாணி; சாந்து இந்த ஊர்க் கைவேலை.

இன்று அந்தக் கைவேலையை ஆய்வுக்கூடத்தில் படிக்கலாம். உதிர்ந்த சாந்தில் ஒரு துண்டை எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் நுரைத்துக் கரையும். மிஞ்சும் மணலைச் சலித்து நிறுத்தால் சுண்ணாம்பும் மணலும் என்ன விகிதம் என்று தெரியும். ஆனால் கடற்கரைச் சாந்தில் இது ஏமாற்றும். மணலில் இருக்கும் சிப்பித் துண்டுகளும் அமிலத்தில் கரைந்துபோவதால், போட்டதைவிட அதிகச் சுண்ணாம்பு போட்டதாகக் கணக்கு வரும். அதனால் இன்னொரு துண்டைக் கண்ணாடித்தாள்போல் மெலிதாக இழைத்து நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். வேகாத கிளிஞ்சலின் வரிவரியான அடுக்குகள் அங்கே அப்படியே தெரியும். நன்றாக அரைபடாத சுண்ணாம்பு, வெள்ளைக் கட்டிகளாக நிற்கும். எந்தப் பதம்வரை அரைத்தார்கள் என்பதைக்கூடச் சாந்து சொல்லிவிடுகிறது. அகச்சிவப்பு நிறமாலை, முட்டையும் தயிரும் விட்டுச்சென்ற புரதத்தின் தடயத்தையும் காட்டக்கூடும்.

சுனாம் என்னும் சொல் இந்தியாவோடு நிற்கவில்லை. ஹாங்காங்கில் மலைச்சரிவு சரியாமல் இருக்கப் பூசிவந்த கலவைக்கும் அதுவே பெயர். ஆனால் அங்கே அது 1 பங்கு சிமெண்ட், 3 பங்கு சுண்ணாம்பு, 20 பங்கு மண். கிளிஞ்சல் இல்லை, மெருகு இல்லை. சொல் மட்டும் ஊர் மாறிப் போயிற்று. செய்நேர்த்தி அதோடு போகவில்லை.

நம் ஊரிலும் நடந்தது அதுதான். சுண்ணாம்பு என்றால் வெள்ளையடிப்பதும் வெற்றிலைக்குத் தடவுவதும் என்று பொருள் சுருங்கிவிட்டது. பழைய சுவர் பெயர்ந்தால் சிமெண்டை அப்புகிறோம். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரமும் கடல் உப்பும் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, உப்பு பூத்து, கல்லையே பொரித்து உதிர்க்கும். 300 ஆண்டு நின்ற சுவரை நாம் செய்யும் பழுதுபார்ப்பே அரிக்கிறது.

ஆகவே ஓர் ஆலயத்தைச் செப்பனிட மதிப்பீடு போடும்போது ‘சுண்ணாம்புப் பூச்சு’ என்று ஒற்றை வரியில் எழுதுவது போதாது. கிளிஞ்சலா கல் சுண்ணாம்பா, மணல் எந்தப் பருமன், என்ன விகிதம் என்று அந்தச் சுவரையே சோதித்து எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரைப்புக்கென்று தனியாக நாளும் கூலியும் ஒதுக்க வேண்டும். சுண்ணம் என்ற பெயரே அந்த உழைப்புக்கு உரியது. அதைக் கணக்கில் சேர்க்காத பூச்சு, பெயரில் மட்டும்தான் சுண்ணாம்பாக இருக்கும்.