கரைப்பாட்டும் ஒலிநாடாவும்: வல்வெட்டித்துறையில் வீட்டு ஒலிப்பதிவின் முன்வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் பாக்கு நீரிணையை நோக்கி அமைந்துள்ள வல்வெட்டித்துறை, பாய்க்கப்பல் கட்டிய ஊராகவும், நாகபட்டினம் முதல் இரங்கூன் வரையான துறைகளோடு வணிகம் நடத்திய ஊராகவும் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. இங்கு கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல் 1937இல் புறப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த செய்தி பலராலும் எழுதப்பட்டதாகும். அக்கப்பலின் பயணம் ஏட்டில் ஏறிய அளவுக்கு, அக்காலக் கரையில் தோணி தள்ளியவர்களும் வலை இழுத்தவர்களும் பாடிய பாட்டின் ஒலி பதிவில் ஏறவில்லை. நாட்டார் பாடல் தொகுப்புகள் சொற்களைக் காத்தன என்பது நன்றிக்குரியது. எனினும் குரலின் ஏற்ற இறக்கமும், மூச்சு வாங்கும் இடமும், பல குரல்கள் சேர்ந்து விழும் கனமும் அச்சுக்குள் அடங்குவன அல்ல. ஒரு கணினியும் ஒலிவாங்கியும் உடைய எவரும் வீட்டிலிருந்தே பாட்டைப் பதிந்து திருத்தலாம் என்னும் இன்றைய நிலையை வெறும் வசதியாகக் கொள்வது போதாது. எது பதியப்பட வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை, நெடுங்காலம் வெளியூர்களில் இருந்த பின்னர், இக்கரைக்கு வந்து சேர்ந்திருப்பதாகவே அதைக் கருத வேண்டும்.

அவ்வுரிமை தொடக்கத்தில் கருவியை உடையவரிடமே இருந்தது. கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் 1902இல் கல்கத்தாவில் பதிவுசெய்யத் தொடங்கியபோது, ஒரு தட்டின் பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொண்டதால், பாடகர்கள் தம் இசையை அந்த அளவுக்குள் சுருக்க நேர்ந்தது. இலங்கையில் 1907-08 காலப்பகுதியில் மானிடவியலாளர் செலிக்மன் மெழுகு உருளையில் வேடர்களின் பாடல்களைப் பதிந்தார். ஆய்வாளர் தேடிச் சென்ற சமூகத்தின் குரல் இவ்வாறு தங்கியது. கொழும்பில் 1925இல் முறையான வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. நீரிணைக்கு அப்பால் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இல் எழுந்தது. வானொலியில் பாட விரும்பிய வடபகுதிக் கலைஞர் கொழும்புக்குப் பயணப்பட வேண்டியிருந்தது. தட்டில் வந்த திரைப்பாடலோ சென்னையில் உருவாகியது.

நிலையங்களில் காந்த ஒலிநாடா பயன்பாட்டுக்கு வந்தபின் 'தொகுப்பு' என்னும் தொழில் வளர்ந்தது. வேண்டாத பகுதியைச் சவர அலகால் வெட்டி நீக்கி, மிஞ்சிய இரு முனைகளையும் ஒட்டுநாடாவால் பொருத்துவதே அதன் அடிப்படை. வெட்டு நேராக இருந்தால் இணைப்பில் 'டக்' என்னும் ஓசை கேட்கும் என்பதால் நாடாவைச் சாய்வாக வெட்டினார்கள். அச்சாய்வில் ஓர் ஒலி தணிய மற்றொன்று எழும். கணினித் திரையில் இரு ஒலித்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியவிட்டு இணைக்கும் இன்றைய முறை அந்தச் சாய்வு வெட்டின் நேர்வாரிசு ஆகும். முதன்முறையாகப் பாட்டைத் திருத்துபவர் இதை அறிந்திருந்தால், வரிக்கும் வரிக்கும் இடைப்பட்ட மூச்சொலியில் வெட்டுவதே ஏன் சிறந்தது என்பது தானாக விளங்கும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கசெற்றே பதிவுக்கலையை யாழ்ப்பாண வீடுகளுக்குள் கொண்டுவந்தது. குடாநாட்டில் 'றெக்கோடிங் பார்' என்று அழைக்கப்பட்ட கடைகளில், பாடல் பட்டியலையும் வெற்றுக் கசெற்றையும் கொடுத்துவிட்டுப் போனால், கடைக்காரர் இசைத்தட்டிலிருந்தோ மூலநாடாவிலிருந்தோ அப்பாடல்களை வரிசைப்படி பதிந்து வைப்பார். அறுபது நிமிட நாடாவின் ஒரு பக்கத்துக்குள் பாட்டு நடுவில் அறுபடாமல் பட்டியலை அடக்குவது, இரு பாட்டுக்கிடையில் எவ்வளவு மௌனம் விடுவதென்று தீர்மானிப்பது, உரத்த பாட்டுக்குப் பின் மெல்லிய பாட்டு வந்தால் அளவைச் சரிசெய்வது ஆகிய இவை அனைத்தும் ஒலித்தொகுப்பின் பாடங்களே. இக்கடைகளை வணிக வரலாற்றின் ஓரக்குறிப்பாக விட்டுவிடுவது நியாயமன்று. வீட்டில் பதிந்தவர்களும் இடைநிறுத்தும் பொத்தானைக் கொண்டு பாட்டுகளைத் தொடுத்தார்கள். கசெற்றின் மேல்விளிம்பிலுள்ள சிறு தகடுகளை முறித்தால் பதிவு அழியாது என்பதும், முறித்த துளையை ஒட்டுநாடாவால் மூடினால் மீண்டும் பதியலாம் என்பதும் சிறுவர்களும் அறிந்த நுட்பமாயின. ஆயினும் ஒரு நாடாவைப் பார்த்து இன்னொன்றில் படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடிக்கொண்டே போகும்.

இக்குறைக்கு ஒரு விடையாக 1979இல் ரியாக் நிறுவனம் கசெற் நாடாவிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் கருவியை வெளியிட்டது. தடம் என்பது ஒரு குரலோ வாத்தியமோ மட்டும் தங்கும் தனிப்பாதை. ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கெடுவதில்லை. யாழ்ப்பாண வேர்களைக் கொண்ட மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் உலகப் புகழ் பெறுமுன், இலண்டனில் தம் அறையிலேயே நான்கு தடக் கருவியையும் ரோலன்ட் எம்.சி. 505 தாளக்கருவியையும் கொண்டு மாதிரிப் பாடல்களை உருவாக்கினார்.

வல்வெட்டித்துறையைப் பொறுத்தவரை வீட்டு ஒலிப்பதிவின் பாதை நேராக அமையவில்லை. 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படையின் தாக்குதலில் பொதுமக்கள் கொல்லப்பட்டு வீடுகள் எரிக்கப்பட்டன. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடையால் மின்கலங்களும் கிடைக்கவில்லை. மிதிவண்டியின் டைனமோவைக் கையால் சுழற்றி வானொலியும் கசெற்றும் கேட்ட காலம் அது. அக்காலத்திலேதான் புதுவை இரத்தினதுரை போன்ற கவிஞர்களின் போராட்டப் பாடல் வரிகளும் எஸ். ஜி. சாந்தன் போன்ற பாடகர்களின் குரல்களும் குடாநாட்டிலேயே பதியப்பட்டுக் கசெற்றுகளாகப் பரவின. அப்பாடல்களின் அரசியல் பற்றிய மதிப்பீடு வேறு ஆய்வுக்குரியது. கொழும்பையும் சென்னையையும் நம்பாமல் பாட்டைப் பதியலாம் என்பதை அவை காட்டியமை ஒலிப்பதிவு வரலாற்றில் மறுக்க முடியாத செய்தி.

இதற்கிடையே கணினி மென்பொருள்களும் வரத் தொடங்கின. 1989இல் கியூபேஸ், 2000இல் கட்டணமின்றிக் கிடைத்த ஓடாசிற்றி, 2004இல் கராஜ்பாண்ட், அதன்பின் கைபேசியிலேயே இயங்கும் பாண்ட்லாப் என்று கருவிகள் எளிமையாகிக்கொண்டே சென்றன. இவை ஒலியை எண்களாக்கிச் சேமிக்கின்றன: மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை கேட்கும் என்பதாலும், ஓர் அதிர்வைப் பிடிக்க இரு அளவீடுகளுக்கு மேல் தேவை என்பதாலும், வினாடிக்கு 44,100 முறை அலையை அளக்கும் வழக்கம் நிலைபெற்றது. எண்ணை எத்தனை முறை படியெடுத்தாலும் இரைச்சல் கூடாது என்பது கசெற் தலைமுறையின் குறையை அடியோடு தீர்த்தது.

எனினும் இம்மென்பொருள்களின் இயல்பு அமைப்பை அப்படியே ஏற்பது இக்கரையின் பாட்டுக்குப் பொருந்தாது. ஈழத்துக் கடலோரத்தில் 'அம்பா' எனப்படும் தொழிற்பாட்டில் ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் பதிலிசைப்பர். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது வலையின் பாரம். வலை கனத்தால் பாட்டு தாழும், இலகுவானால் விரையும். மென்பொருளோ திறந்தவுடன் சீரான தாளக் கட்டங்களை விரித்து, நிமிடத்துக்கு 120 அடி என்பது போன்ற ஒரே வேகத்தை முன்வைக்கிறது. அக்கட்டங்களுக்குள் குரலை இழுத்துப் பொருத்தினால் உழைப்பின் தடயமே அழிந்துவிடும். ஆகவே தாளச்சொடுக்கை நிறுத்திவிட்டு, அடியெடுப்பவருக்கு ஒன்றும் குழுவுக்கு ஒன்றுமாக இரு ஒலிவாங்கிகளை வைத்து, இரண்டையும் ஒரே வேளையில் இரு தடங்களில் பதிவதே பொருத்தமான முறை. வடக்கு நோக்கிய கரையில் வாடைக்காற்று ஒலிவாங்கியை நேரே தாக்கும் என்பதால் பஞ்சுறை தேவை. எஞ்சும் உறுமலை ஏறத்தாழ 80 ஹேட்ஸுக்குக் கீழான ஒலியைக் குறைத்து நீக்கலாம். கூட்டுக்குரல் திடீரென எழும்போது அலையின் முகடு வெட்டுண்டு கரகரக்காதிருக்க, அளவுமானியில் 6 டெசிபெல்லேனும் இடம் விட்டுப் பதிய வேண்டும். வெட்டுண்ட முகட்டை எந்த மென்பொருளும் முழுமையாக மீட்காது.

சித்திரைப் பௌர்ணமியில் முத்துமாரி அம்மன் கோயில் தீர்த்தத்தோடு வரும் இந்திரவிழாவின் மேடை இசையும் ஒலிபெருக்கியும் இன்று எண்ணற்ற கைபேசிகளில் பதிகின்றன. அவை பெரும்பாலும் சுருக்கிய கோப்புகளாக அனுப்பப்பட்டு நுணுக்கத்தை இழக்கின்றன. சுருக்காத வேவ் கோப்பு, இருதடப் பதிவில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைற் இடமே கொள்கிறது. அதை மூலமாகக் காத்துக்கொண்டு படியில் மட்டும் திருத்தம் செய்வது நன்று. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகம் போன்ற முயற்சிகள் ஈழத்து எழுத்துகளோடு ஒலியையும் சேர்த்துவருவதால், அத்தகைய மூலக்கோப்புகளுக்கு வீட்டுக்கு வெளியேயும் ஓர் இடம் உண்டு. கோப்போடு பாடியவரின் இசைவும், பாடிய நாளும், இடமும், எந்த வேலையின்போது அப்பாட்டு பாடப்பட்டது என்ற குறிப்பும் சேர்ந்திருக்க வேண்டும்.