துரைசாமி என்ன ஆனான்?

திண்டுக்கல்லுக்குப் போகும்போதெல்லாம் கோபாலசமுத்திரக் குளக்கரையில் சற்று நிற்பேன். 1801-இல் கும்பினியார் தூக்கிலிட்ட விருப்பாட்சி கோபால நாயக்கரின் பெயரைத் தாங்கிய குளம் அது. அங்கே எனக்கு நினைவு வருகிறவன் அவருடைய கூட்டாளி சின்ன மருதுவின் மகன் துரைசாமி.

அதே ஆண்டு அக்டோபர் 24-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். பையனுக்கு வயது 15. கயிற்றுக்குத் தப்பினான், 1802 பிப்ரவரியில், எழுபதுக்கு மேற்பட்டோருடன் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பதினாறு ஆண்டு கழித்து அங்கே போனார் வெல்ஷ் துரை. சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றவர். பிறகு அவரையே வேட்டையாடிய படையில் இருந்தவர். எதிரே வந்து நின்ற தளர்ந்த கிழவனை யாரென்று கேட்டார். துரைசாமி என்று பதில் வந்ததாம். கிழவனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது இருந்தால் அதிகம்!

நடுவில் என்ன நடந்தது? விலங்கு, காய்ச்சல், பிரம்படி என்று கதைக்காரன் புத்தி அடுக்கிக்கொண்டே போகிறது. எனக்கென்னவோ அவையெல்லாம் இரண்டாம் பட்சமாகத்தான் படுகின்றன. உடன் வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்திருப்பார்கள். 'ஊருக்கு எப்போது போவோம்?' என்று கேட்க ஆளில்லாமல் போன அன்றைக்குத்தான் பையன் கிழவனாகியிருப்பான்.