வேலிக்கு வெளியே நின்றவர்களின் லென்ஸ்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் குயின்ஸ் பில்டிங்கை 1955 டிசம்பரில் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். அதன் மொட்டைமாடி பொதுமக்களுக்கு உரியது. விமானம் ஏறக் காசில்லாதவர்களும் அங்கே நின்று, வருவதையும் போவதையும் நாள் முழுக்க வேடிக்கை பார்க்கலாம். வந்தவர்களில் பள்ளிக்கூடப் பையன்கள் நிறைய. கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு. விமானத்தின் உடம்பில் எழுதியிருக்கும் பதிவெழுத்துகளைப் படித்துக் குறித்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை.

இந்தப் பழக்கத்தைப் பரப்பியது இரண்டாம் உலகப் போர். ஜெர்மானியக் குண்டுவீச்சு நடந்த காலத்தில், தலைக்கு மேலே போவது நம்முடையதா எதிரியுடையதா என்று நிழலுருவை வைத்தே சொல்லத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கென்றே 1941 ஜனவரியில் ‘ஏரோப்ளேன் ஸ்பாட்டர்’ என்ற இதழ் தொடங்கியது. போர் முடிந்தது, இதழும் 1948-ல் நின்றது. அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்கள் மட்டும் கீழே இறங்கவில்லை.

நோட்டில் எழுதியவர்களுக்கு அடுத்து வந்த ஆசை, படம் பிடிக்க வேண்டும் என்பது. அங்கேதான் கணக்கு உதைத்தது. அன்றைய ஹீத்ரோவில் அடிக்கடி கண்ணில் படும் விக்கர்ஸ் வைகவுண்ட் சுமார் 25 மீட்டர் நீளம். 300 மீட்டர் தள்ளி நின்று, கேமராவோடு வரும் சாதாரண 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால், 36 மி.மீ. அகலமுள்ள ஃபிலிமில் அது 4 மி.மீ. நீளத்துக்குத்தான் விழும். ஸ்பிட்ஃபயர் போன்ற 9 மீட்டர்ப் போர் விமானம் என்றால் ஒன்றரை மி.மீ.; பதிவெழுத்தைப் படிப்பது இருக்கட்டும், இறக்கை எது வால் எது என்பதே தெரியாது. அதே இடத்தில் 300 மி.மீ. லென்ஸைப் போட்டால் வைகவுண்ட் 25 மி.மீ. ஆகிச் சட்டத்தில் பாதிக்கு மேல் நிறைந்துவிடும். அந்த 300 மி.மீ. லென்ஸை வாங்குவது எப்படி என்பதுதான் கேள்வி.

தூரத்தைக் கிட்டே இழுக்கும் வித்தை ஒன்றும் புதிதல்ல. முன்னால் ஒரு குவிலென்ஸ், பின்னால் ஒரு குழிலென்ஸ் வைத்தால் பிம்பம் பெரிதாகும் என்பதை 1611-லேயே கெப்லர் எழுதிவிட்டார். அதைப் புகைப்படத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மூவர்: லண்டனில் டால்மேயர், மியூனிக்கில் ஸ்டைன்ஹைல், பெர்லினில் மீத்தே. ஒருவரையொருவர் பார்த்துச் செய்யாமலே, மூவரும் 1891-ஐ ஒட்டி டெலிஃபோட்டோ லென்ஸை உருவாக்கினார்கள். ரைட் சகோதரர்கள் பறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, விமானத்தைப் படமெடுக்க வேண்டிய லென்ஸ் பிறந்திருந்தது. 1930-களில் லைக்காவின் 400 மி.மீ. டெலிட்டும், ஜைஸின் 180 மி.மீ. சோனாரும் வந்தன. எல்லாம் ஆனை விலை.

விலை ஏன் அப்படி என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. குவிய தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாயின் விட்டம் கிடைக்கும். 600 மி.மீ. எஃப்/4 லென்ஸுக்கு 150 மி.மீ. வாய் வேண்டும், அதாவது முன்கண்ணாடியின் அகலம் ஒரு சாப்பாட்டுத் தட்டில் பாதிக்கு மேல். அதே 600-ஐ எஃப்/6.3-க்குச் சுருக்கினால் 95 மி.மீ. போதும். எஃப்/11 என்றால் 55 மி.மீ.தான். கண்ணாடி பெரிதாகப் பெரிதாக அதைக் குறையில்லாமல் வார்த்து, தேய்த்து, சரிபார்க்கும் செலவு பல மடங்காக ஏறுகிறது. ஆகவே மலிவான டெலிஃபோட்டோவின் சரித்திரம் முழுக்க, எதை விட்டுக்கொடுத்தால் இந்த வாயைச் சுருக்கலாம், எதை விட்டுக்கொடுத்தால் உள்ளே இருக்கும் இயந்திரத்தைக் குறைக்கலாம் என்ற பேரம்தான்.

முதல் பேரத்தில் விட்டது வசதியை. ஜப்பானில் தைசே ஆப்டிகல் என்ற நிறுவனம், பின்னாளில் டாம்ரான் என்று பெயர் மாற்றிக்கொண்டது, 1957-ல் டி-மவுண்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. லென்ஸ் ஒன்றேதான், எந்தக் கேமராவோ அதற்கேற்ற வளையத்தைத் திருகிக்கொண்டால் பொருந்திவிடும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஃபோகஸ் கையால், அப்பர்ச்சரும் கையால். முழுத் திறப்பில் ஃபோகஸ் பார்த்துவிட்டு, வளையத்தைத் திருகித் துளையைச் சுருக்கிப் பிறகு க்ளிக் செய்ய வேண்டும். விமானம் அதுவரை காத்திருக்காது என்பதால், பழகியவர்கள் துளையை முதலிலேயே சுருக்கி வைத்துக்கொண்டு மங்கலான வியூஃபைண்டரோடு போராடினார்கள். இதே முறையில் செய்த 400, 500 மி.மீ. குழாய்கள் பல பெயர்ப்பலகைகளோடு உலகெங்கும் விற்றன, இன்றும் விற்கின்றன. 1961-ல் தொடங்கிய சிக்மாவின் முதல் பொருளே, இருக்கும் லென்ஸுக்குப் பின்னால் மாட்டி அதன் தூரத்தைக் கூட்டும் கன்வெர்ட்டர்தான்.

ஜெர்மனியின் மெமிங்கன் ஊரிலிருந்த நோவோஃப்ளெக்ஸ் வேறு வழி பிடித்தது. நீண்ட குழாய், முன்னால் இரண்டு மூன்று கண்ணாடிகள், கீழே துப்பாக்கிப் பிடி. பிடியை இறுக்கினால் ஃபோகஸ் ஒரு பக்கம் ஓடும். தளர்த்தினால் திரும்பி வரும். நெருங்கி வரும் விமானத்தை விரல் அழுத்தத்தாலேயே பின்தொடரலாம். இலக்கணப்படி இது டெலிஃபோட்டோவே அல்ல, வெறும் நீள்குவிய லென்ஸ். அதனால்தான் குழாய் அவ்வளவு நீளம். ஆனால் ஆட்டோஃபோகஸ் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, ஓடும் பொருளைத் துரத்தும் சிக்கலுக்கு இயந்திர வழியில் ஒரு தீர்வு கிடைத்துவிட்டது.

சோவியத் தொழிற்சாலைகள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயின. இரண்டாம் உலகப் போரில் படைக்கென்று செய்த ஃபோட்டோஸ்னைப்பரை, மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலை 1960-களின் நடுவில் பொதுமக்களுக்காகப் புதுப்பித்து வெளியிட்டது. ஜெனிட் கேமரா, 300 மி.மீ. எஃப்/4.5 டாயிர் லென்ஸ், இரண்டையும் தாங்கத் தோளில் பதியும் துப்பாக்கிக் கட்டை. லென்ஸுக்கு அடியில் இருக்கும் பெரிய சக்கரத்தை இடது கை சுற்ற ஃபோகஸ் நகரும். வலது கை விரல் விசையை இழுத்தால் முதலில் துளை சுருங்கும், அடுத்து ஷட்டர் அடிக்கும். எல்லாம் ஒரு உலோகப் பெட்டிக்குள் அடுக்கி, ஃபில்டர்களும் ஸ்க்ரூடிரைவரும் உள்பட வந்தது. மேற்கு நாடுகளில் ஜப்பானிய, ஜெர்மானியச் சரக்கைவிட வெகு மலிவு. கனம் கொஞ்சநஞ்சமல்ல, ஆனால் தோளில் பதிந்த கட்டை, கை நடுக்கத்தைப் பெருமளவு விழுங்கிக்கொண்டது.

அதே நாட்டிலிருந்து வந்த இன்னொரு வழி கண்ணாடி ஆடி. மக்சுதோவ் என்ற ஒளியியலாளர் தொலைநோக்கிக்காக 1941-ல் வகுத்த அமைப்பை வைத்துச் செய்த எம்.டி.ஓ. வரிசை லென்ஸ்கள் 1958 பிரசெல்ஸ் உலகக் கண்காட்சியில் பரிசு பெற்றன. ஒளி உள்ளே போய், ஆடியில் பட்டுத் திரும்பி, மறுபடி திரும்பிக் கேமராவுக்குள் நுழைவதால் 500 மி.மீ. லென்ஸ் கைக்குள் அடங்கும் குட்டைக் குண்டாகிவிட்டது. பிற்பாடு ஜப்பானியரும் மிரர் லென்ஸ்களைக் கொண்டுவந்தார்கள். இதில் விட்டுக்கொடுத்தது துளை. எஃப்/8 என்றால் எஃப்/8தான். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பின்னணியில் மினுங்கும் புள்ளிகள் எல்லாம் மெதுவடை போல வளையம் வளையமாக விழும். பறவை எடுப்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். விமானம் எடுப்பவர்களுக்கு அது பெரிய குறையாகவே படவில்லை. வெறும் வானத்தில் இலையும் கிளையும் இல்லை. வளையம் எங்கிருந்து வரும்?

இங்கேதான் இந்தப் பொழுதுபோக்கின் தனி அதிர்ஷ்டம் தெரிகிறது. உள்ளரங்க விளையாட்டை எடுப்பவருக்கும், அந்தி நேரக் காட்டில் புலியைத் தேடுபவருக்கும் அகலத் துளை இல்லாமல் பிழைப்பில்லை. விமானக்காரர் வருவதோ வெயிலில். மேலும், மூக்கிலிருந்து வால்வரை தெளிவாக இருக்க வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. பின்னணியை மங்கலாக்கும் அகலத் துளை அவருக்கு எதற்கு? புரொப்பெல்லர் விமானம் என்றால் ஷட்டரை வேகமாக வைப்பதே தப்பு. நொடியில் 2000-ல் ஒரு பங்கு வைத்தால் விசிறி உறைந்து, என்ஜின் நின்றுபோன பொம்மையை வானத்தில் ஒட்டிவைத்ததுபோல் ஆகிவிடும். 250-ல் ஒரு பங்கோ அதற்கும் மெதுவாகவோ வைத்து, விமானத்தோடு உடம்பைத் திருப்பி எடுத்தால்தான் விசிறி சுழலும். பட்டப்பகல் வெளிச்சத்தில் அந்த ஷட்டருக்கு எஃப்/8, எஃப்/11 என்று சுருக்கியே தீர வேண்டும். ஆக, பத்தாயிரம் டாலர் லென்ஸும் அந்த நேரத்தில் தன் வாயைச் சுருக்கிக்கொண்டு மலிவு லென்ஸ் போலத்தான் வேலை செய்யும்.

ஃபிலிம் காலத்தில் இந்த அதிர்ஷ்டத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. விமானப் படம் சேர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்ட நாணயம் கோடக்ரோம் ஸ்லைடு; 1974-லிருந்து பெரும்பாலும் கோடக்ரோம் 64. நல்ல வெயிலில் அந்த ஃபிலிமுக்கு எஃப்/8-ல் 250-ல் ஒரு பங்கு, எஃப்/5.6-ல் 500-ல் ஒரு பங்கு. கையில் பிடித்து எடுக்கும் 400 மி.மீ. லென்ஸ் ஆடாமல் இருக்க 400-ல் ஒரு பங்காவது வேண்டும் என்பது பழைய விதி. ஆகவே 300, 400 மி.மீ. எஃப்/5.6 என்ற அளவு அந்தத் தலைமுறைக்கு அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. மேகம் மூடினால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட வேண்டியதுதான்.

1985-ல் மினோல்டா 7000 ஆட்டோஃபோகஸைச் சாதாரணக் குடும்பத்துக்கும் கொண்டுவந்தது. பத்து ஆண்டு கழித்து, கை நடுக்கத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் 75–300 மி.மீ. லென்ஸைக் கேனான் வெளியிட்டது. எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு அப்படி ஒன்று வந்தது அதுவே முதல் தடவை. அதன்பின் 1998-ல் வந்த கேனான் 100–400, இழுத்துத் தள்ளி ஜூம் செய்யும் லென்ஸ், விமானக் கண்காட்சிகளில் வேலியோரம் முழுக்க வெள்ளையடித்ததுபோல் நிறைந்தது. அது மலிவல்ல, ஆனால் கடன்பட்டாவது வாங்கக்கூடிய விலை.

அதற்குள் வேலி பின்னால் நகரத் தொடங்கியிருந்தது. ஹீத்ரோ மொட்டைமாடி பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 2009-ல் புது டெர்மினலுக்காகக் கட்டடமே இடிபட்டது. 2001 நவம்பரில் கிரீஸின் கலமாட்டா விமானப்படைத் தளத்தில், விமான எண்களைக் குறித்த பிரிட்டிஷ், டச்சு ஆர்வலர்கள் 14 பேர் உளவாளிகள் என்று கைதானார்கள். மறு ஆண்டு தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். நிற்கும் இடம் தள்ளிப்போகப் போக லென்ஸ் நீள வேண்டியிருந்தது. எல்லா இடத்திலும் அல்ல: ஹீத்ரோவின் மர்ட்டில் அவென்யூப் புல்தரையில் நின்றால், இறங்கும் விமானங்களுக்குச் சாதாரண 70–300 போதும். வேல்ஸின் மாக் லூப் பள்ளத்தாக்கில் மலைமேல் ஏறி நின்றால், ஜெட் விமானம் கண் மட்டத்துக்கும் கீழே பறந்து போகும். அங்கே லென்ஸுக்குக் கொடுக்காத காசை முழங்கால் கொடுக்கிறது.

பெரிய உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2003-ல் கேனான் 300டி டிஜிட்டல் கேமரா, லென்ஸ் இல்லாமல் 899 டாலருக்கு வந்தது. அதன் சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது. செலவைக் குறைக்கச் செய்த அந்தச் சுருக்கம், விமானக்காரர்களுக்கு வரமாக முடிந்தது. 12 மீட்டர் நீளமுள்ள ஹாக் பயிற்சி ஜெட் 300 மீட்டர் தூரத்தில் ஃபிலிம் சட்டத்தை நிரப்ப 900 மி.மீ. வேண்டும்; இந்தச் சென்சாரில் 560-ஐ ஒட்டிப் போதும். 300 மி.மீ. வைத்திருந்தவருக்கு 480 மி.மீ. பார்வை இனாம். ஜம்போ ஜெட்டுக்கோ, அதே தூரத்தில் ஃபிலிமிலேயே 155 மி.மீ. தாராளம், எதைப் படமெடுக்கப் போகிறோம் என்று தெரியாமல் நீள லென்ஸ் வாங்கியவர்கள் மூக்கை மட்டும் படமெடுத்துத் திரும்பினார்கள்.

2013 நவம்பரில் டாம்ரான் 150–600 மி.மீ. எஃப்/5–6.3 லென்ஸை அறிவித்தது. விலை 1,069 டாலர். அப்போது 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் அதைப்போலப் பல மடங்கு விலை. முன்னால் மாட்டும் ஃபில்டரின் அளவு சரியாக 95 மி.மீ.; மேலே சொன்ன வகுத்தல் கணக்கு லென்ஸின் விளிம்பிலேயே அச்சாகியிருந்தது. எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அடுத்த ஆண்டே சிக்மா தன் 150–600-ஐ அறிவித்தது. 2015-ல் நிக்கான் 200–500 எஃப்/5.6-ஐ 1,400 டாலருக்கு இறக்கியது. பெயர்பெற்ற கேமரா நிறுவனம் ஒன்று, பிறருக்கு விட்டிருந்த மலிவுத் தட்டுக்குத் தானே வந்து நின்றது.

விட்டுக்கொடுப்பதில் இன்னும் தூரம் போனது கேனான். 2020-ல் வந்த 600, 800 மி.மீ. எஃப்/11 லென்ஸ்களில் அப்பர்ச்சர் இதழ்களே கிடையாது. துளை நிலையானது, பழைய மிரர் லென்ஸ் மாதிரி. 600-ன் அறிமுக விலை 699 டாலர், எடை 930 கிராம். மடக்கினால் பைக்குள் போகும். டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் எஃப்/8-ஐத் தாண்டினால் ஆட்டோஃபோகஸ் கைவிரித்துவிடும். மிரர்லெஸ் கேமரா சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால்தான் எஃப்/11 சாத்தியமானது. அப்போதும் சட்டத்தின் நடுப்பகுதியில்தான் ஃபோகஸ் பிடிக்கும். மேகமூட்டமான மாலையில் ஐஎஸ்ஓ ஏறி, படத்தில் மணல் தூவியதுபோல் ஆகும். விரலுக்கேற்ற வீக்கம்.

எந்த விலை லென்ஸாலும் தாண்ட முடியாத ஒன்று கானல். கோடை மதியத்தில் கொதிக்கும் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் நிற்கும் விமானத்தை 600 மி.மீ.யில் பார்த்தால் ஜன்னல் வரிசை நெளியும். 700 டாலருக்கும் அதே நெளிவு, 13,000 டாலருக்கும் அதே நெளிவு. பழகியவர்கள் அதனால்தான் காலையில் வந்து, மதியம் இடத்தைக் காலிசெய்கிறார்கள். 2023-ல் நிக்கான் 180–600-ஐ வெளியிட்ட பிறகு, முதல் தலைமுறை டாம்ரான், சிக்மா 150–600-கள் பழைய டி.எஸ்.எல்.ஆர்.களோடு சேர்ந்து இரண்டாம்கைக் கடைகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. ஹாக் ஜெட்டைச் சட்டம் நிரம்ப எடுக்க நினைக்கும் புதியவருக்குத் தேவையான 560 மி.மீ. இப்போது அந்த அலமாரியில்தான் இருக்கிறது; வாங்குமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.