செய்தியோடை படிப்பான்

செய்தியோடை படிப்பான் என்பது, வாசகர் தாமே தேர்ந்தெடுத்த வலைப்பதிவுகளிலும் இதழ்த் தளங்களிலும் புதிதாக வந்தவற்றை எடுத்துவந்து ஒரே இடத்தில் அடுக்கித் தரும் மென்பொருள். கிள்ளான் தாமான் வீடுகளில் விடிகாலையில் மோட்டார் சைக்கிளில் பேப்பர் போடுகிறவருக்கு எந்த வீட்டுக்கு மலேசிய நண்பன், எந்த வீட்டுக்கு மக்கள் ஓசை என்பது மனப்பாடம். படிப்பான் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். ஒரு வேறுபாடு உண்டு: இங்கே எழுதுகிறவரிடம் வாசகர் தம் பெயரையோ மின்னஞ்சலையோ கொடுக்க வேண்டியதில்லை.

பெரும்பாலான வலைப்பதிவுகளுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கோப்பு இருக்கும். தலைப்பு, தேதி, இணைப்பு, கட்டுரையின் முழு வாசகம் அல்லது முதல் சில வரிகள் ஆகியவை அதில் எக்ஸ்எம்எல் வடிவில் பதிவாகும். அதுவே செய்தியோடை, சுருக்கமாக ஓடை. புதிய பதிவு வந்ததா என்று படிப்பான் அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப் பார்க்கும். வேர்ட்பிரஸ் ஓடையில் வழக்கமாகக் கடைசி 10 பதிவுகளும், பிளாகர் ஓடையில் 25 பதிவுகளும் இருக்கும். பழையவை கோப்பிலிருந்து நழுவிவிடும்; படிப்பான் முன்பே எடுத்து வைத்திருந்தால் உண்டு.

இன்றும் புழங்கும் ஓடை வடிவங்களில் மூத்தது 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனம் வெளியிட்ட ஆர்.எஸ்.எஸ். இந்தப் பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டு வாசகருக்கு அதே சுருக்கப்பெயர் கொண்ட இந்திய அமைப்பு நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. ‘ஓடை’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ள அதுவும் ஒரு நல்ல காரணம். 2002இல் டேவ் வைனர் ஆர்.எஸ்.எஸ். 2.0 பதிப்பை வெளியிட்டார். போட்டியாக வந்த ஆட்டம் வடிவம் 2005இல் தரமாக ஏற்கப்பட்டது. இன்றைய படிப்பான்கள் இரண்டையும் படிக்கும்.

கோலாலம்பூரில் வலைப்பதிவுகளைப் பின்தொடரும் பழக்கம் தனி மேசையில் வளர்ந்ததைவிடத் தெருவில் வளர்ந்தது என்றே சொல்ல வேண்டும். அந்தத் தெருவுக்குப் பெயரும் இருந்தது. ஐசுடின் டானியான் 2003இல் தொடங்கிய ‘புரொஜெக்ட் பெட்டாலிங் ஸ்திரீட்’, மலேசிய வலைப்பதிவுகளின் திரட்டி. சைனா டவுன் கடைத்தெருவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பதிவர் புதிதாக எழுதியதும் திரட்டிக்குத் தகவல் தட்டிவிடுவார். தலைப்பு பட்டியலின் உச்சியில் ஏறும். அடுத்தவர் எழுதியதும் ஒரு படி இறங்கும். வலைப்பதிவின் வீச்சு அதோடு நிற்கவில்லை: 2008 மார்ச் பொதுத்தேர்தலில் ஜெலுத்தோங்கில் ஜெஃப் ஊய், பெட்டாலிங் ஜெயா உத்தாராவில் டோனி புவா என்று பதிவர்கள் நாடாளுமன்றத்துக்கே போனார்கள்.

தமிழ்ப் பதிவர்களுக்கு அப்படி அமைந்த தெரு தமிழ்மணம். கோவையைச் சேர்ந்த காசி ஆறுமுகம் 2004இல் அதைத் தொடங்கினார். மலேசியாவில் எழுதியவரும் மதுரையில் எழுதியவரும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நின்றார்கள். இது நடக்க எழுத்துக் குறியாக்கம் ஒன்றாக வேண்டியிருந்தது. திஸ்கியில் ஒருவர், வேறொரு குறியாக்கத்தில் இன்னொருவர் என்று எழுதிக்கொண்டிருந்தால், பலருடைய எழுத்தை ஒரே பட்டியலில் திரட்டும்போது பாதி வரிகள் குப்பையாகத்தான் தெரியும். ஒருங்குறி பரவிய பிறகே தமிழ் ஓடைகள் தடையின்றி ஓடின. கணினித் தமிழுக்குக் கோலாலம்பூர் புதிய ஊர் அன்று: முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985இலேயே இங்கே உருவானது; 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடியது.

திரட்டிக்கும் படிப்பானுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கேதான் பார்க்க வேண்டும். திரட்டியில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பது அதை நடத்துபவரின் முடிவு. படிப்பானில் அது வாசகரின் முடிவு. திரட்டியில் அறியாத பெயர்கள் கண்ணில் படும்; படிப்பானில் அந்தத் தற்செயல் குறைவு. சூடான தலைப்பு வைப்பவர்களின் தொல்லையும் குறைவு.

படிப்பானின் இன்னொரு பயன் தடைகளின்போது தெரியும். 2008 ஆகஸ்டில் வலைப்பதிவர் ராஜா பெத்ராவின் ‘மலேசியா டுடே’ தளத்தை முடக்குமாறு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. செப்டம்பரில் தடை நீங்கியது. இத்தகைய தடைகளின் ஓட்டையைப் படிப்பான் காட்டிக்கொடுக்கும். உள்நாட்டில் ஒரு முகவரி அடைபட்டாலும், வெளிநாட்டுச் சர்வரிலிருந்து இயங்கும் படிப்பான் ஓடையை எடுத்துவந்துவிடும். ஓடையில் முழு வாசகமும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

படிப்பான்களில் பெரும்பாலோர் நம்பியிருந்தது 2005இல் வந்த கூகுள் ரீடரை. 2013 மார்ச்சில் மூடல் அறிவிப்பு வந்தது. ஜூலை 1ஆம் தேதி கடை மூடப்பட்டது. அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் 5 லட்சம் பேர் தம்மிடம் வந்ததாக ஃபீட்லி நிறுவனம் சொன்னது. அவர்களால் பட்டியலோடு குடிபெயர முடிந்ததற்குக் காரணம் ஓபிஎம்எல் என்ற சிறு கோப்பு. பின்தொடரும் ஓடைகளின் முகவரிகள் அனைத்தும் அதில் அடங்கும். ஒரு படிப்பானிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றினால் போதும். ஃபேஸ்புக்கில் பத்தாண்டு பின்தொடர்ந்தவர்களை இப்படி மூட்டை கட்டி எடுத்துப்போக வழியில்லை.

அன்றாடம் பத்துச் செய்தி போடும் தளத்துக்குப் படிப்பான் அவ்வளவாகத் தேவையில்லை. அச்சில் தொடங்கி இணையத்துக்கு இடம் மாறிய வல்லினம் போன்ற இலக்கிய இதழுக்கும், மூன்று மாதம் மௌனமாக இருந்துவிட்டுத் திடீரென்று எழுதும் பதிவருக்கும்தான் அது அவசியம். முன்பே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியுள்ள செயலியானால், கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரும் கொமுட்டர் பயணத்தில் இணையம் அறுந்தாலும் வாசிப்பு அறுவதில்லை. விளம்பரமும் துள்ளும் படங்களும் நீங்கி வெறும் வாசகமாக வருவதால் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பிக்கும் எளிது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் இதன் பயனை விளக்க வேண்டியிராது.

தொடங்குவதற்கு ஓடையின் முகவரியைத் தேடி அலைய வேண்டாம். ஃபீட்லி, இனோரீடர் போன்ற படிப்பான்களின் தேடல் பெட்டியில் வலைப்பதிவின் வழக்கமான முகவரியை ஒட்டினால், பெரும்பாலான ஓடைகளை அவை தாமே கண்டுபிடித்துக்கொள்ளும்.