படமும் சுட்டியும் யாருடையவை?

பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் தளத்துக்குக் கட்டுரை எழுதித் தருபவர் ஒருவர், பத்து மிக்சிகளை ஒப்பிட்டு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து அவருடைய உழைப்பு. ஆனால் நடுவில் இருக்கும் மிக்சியின் படம் யாருடையது? அதன் கீழே "இங்கே வாங்கலாம்" என்றிருக்கும் சுட்டி, அதாவது லிங்க், யாருக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்குப் பின்னால் முப்பது வருடக் கதை இருக்கிறது.

முதலில் சுட்டி. சிடிநவ் என்ற இசைத்தட்டுக் கடை 1994லேயே மற்ற தளங்கள் வழியாக விற்று, அவற்றுக்குக் கமிஷன் கொடுத்தது. ஆனால் 1996 ஜூலையில் அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தை ஆரம்பித்த பிறகுதான் இந்த முறை எங்கும் பரவியது. அமேசான் அன்று வெறும் புத்தகக் கடை. திட்டத்தில் சேர்பவருக்கு ஓர் அடையாளக் குறி கிடைக்கும். அது சுட்டியின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாசகர் சொடுக்கிப் போய்ப் பொருள் வாங்கினால் குறிக்கு உரியவருக்குக் கமிஷன். எழுதியவருக்கு அல்ல! கட்டுரை எழுதச் சொன்ன வாடிக்கையாளரின் குறியை ஒட்ட மறந்தாலும் சுட்டி ஒழுங்காக வேலை செய்யும், பொருளும் விற்கும்; பணம் மட்டும் வராது. பார்வைக்கு எந்தக் கோளாறும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம்.

இதற்கிடையே கூகுள் வந்தது. ஒரு பக்கத்துக்கு எத்தனை சுட்டிகள் வருகின்றன என்று பார்த்து மதிப்புப் போட்டதால், சுட்டியே விலைபோகும் சரக்காகிவிட்டது. 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் மூன்றும் 'நோஃபாலோ' என்ற குறிப்பை ஏற்றன. அது வந்தது பின்னூட்டக் குப்பையைத் தடுக்க. பிறகு காசுக்கு வைத்த சுட்டிகளுக்கும் அதுவே விதியானது. 2013 பிப்ரவரியில் பிரிட்டனின் பூக்கடை நிறுவனமான இன்டர்ஃப்ளோரா, தன் சொந்தப் பெயரைத் தேடினால்கூட கூகுளில் கிடைக்காமல் போனது. பத்திரிகைத் தளங்களில் வந்த விளம்பரக் கட்டுரைகளின் சுட்டிகளே காரணம் என்று துறையினர் கணித்தார்கள். காசுக்கு வைத்த சுட்டிக்கென்றே 'ஸ்பான்சர்ட்' என்ற தனிக் குறிப்பு வந்தது 2019 செப்டம்பரில்.

பணம் வாங்கியதை வாசகரிடம் மறைக்கக்கூடாது என்ற விதி இணையத்தில் எழுதுபவர்களுக்கும் பொருந்தும் என்று அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன் தெளிவாக்கியது; 2009 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.

படத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. அடுத்தவர் சர்வரில் இருக்கும் படத்தை அங்கிருந்தபடியே இழுத்து நம் பக்கத்தில் காட்டலாமா? 2007ல் பெர்ஃபெக்ட் 10 என்ற நிறுவனம் கூகுள், அமேசான் மீது போட்ட வழக்கில், படத்தின் நகல் தன் சர்வரில் இல்லாதவரை அது நேரடிக் காப்புரிமை மீறல் ஆகாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது. 'இனிக் கவலையில்லை' என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் 2018ல் நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிபதி அந்த வாதத்தை ஏற்க மறுத்துவிட்டார்.

சட்டம் அனுமதித்தாலும் சர்வர்க்காரர் மனம் மாறலாமே! 2017ல் போட்டோபக்கெட் தளம், வெளித்தளங்களில் படம் காட்ட வருடத்துக்கு 399 டாலர் கேட்டது. விற்பனைப் பக்கங்களிலும் பழைய கட்டுரைகளிலும் படங்கள் போய், பணம் கட்டச் சொல்லும் அறிவிப்பு வந்து உட்கார்ந்தது. எதிர்ப்பு கிளம்பி, 2018ல் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டார்கள்.

அமேசானின் விதியோ வேறு மாதிரி. பொருளின் படத்தை இறக்கிச் சொந்த சர்வரில் வைக்கக் கூடாது. அவர்கள் தரும் நிரல்துண்டு மூலம்தான் காட்ட வேண்டும். ஆகவே படத்தை வேர்டு கோப்பில் ஒட்டி அனுப்பும் எழுத்தாளர் தெரியாமலேயே வாடிக்கையாளரை விதிமீறலில் மாட்டிவிடுகிறார். சரி, விதிப்படி நடந்தவர்கள் தப்பித்தார்களா? 'சைட்ஸ்ட்ரைப்' கருவி வழியாகப் படம் தரும் வசதியை 2023 டிசம்பர் 31 உடன் அமேசான் நிறுத்தியது. புத்தாண்டில் பல தளங்களில் பழைய கட்டுரைகளின் படங்கள் இருந்த இடம் வெற்றிடமானது. அவற்றை எழுதியவர்கள் கூலி வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டார்கள். தயாரிப்பாளரிடம் அனுமதி கேட்டோ புதிதாகப் படம் எடுத்தோ அந்த இடங்களை நிரப்பும் வேலை தளத்துக்காரர் தலையில் விழுந்தது.