எட்டாம் வகுப்பு வாயில்: ஒரு கணிதப் பாடவரிசையின் வரலாறு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மொழி நம் மொழி. ஆயினும் நம் முன்னோர்க்கு அவ்விரு கண்களும் நெடுங்காலம் கட்டியே வைக்கப்பட்டிருந்தன. பள்ளிகளாலும் விடுதிகளாலும், நம் கல்விச் சங்கம் போன்ற அமைப்புகளாலும் எழுத்தென்னும் கண் பெரிதும் திறந்துவிட்டது. எண் என்னும் கண்ணோ இன்னும் பாதி மூடியே இருக்கின்றது. வெள்ளிவிழாக் காணும் இந்நாளில் அதனைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமெனக் கருதுகின்றோம்.

நாம் வரலாறு பயின்றவர். கணிதம் நமது பாடமன்று. பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண்ணே பெற்றோம். ஆயினும் மேல்நிலை வகுப்பில் கணிதமில்லாத பிரிவில் சேர்க்கப்பட்டோம். எப்பிரிவு எந்தக் கல்லூரிக்கு வழிவிடும் என்று கேட்க அறிந்தவர் நம் வீட்டில் ஒருவருமில்லை. அந்த ஒரு நாளில் எத்தனை கதவுகள் சாத்தப்பட்டன என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தோம். எனவேதான் கணிதப் பாடங்களை எவர், எந்த முறையில், எவருக்காக அடுக்கினர் என்னும் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அத்தேடல் நம்மை அமெரிக்க நாட்டிற்கு இட்டுச் சென்றது.

படிக்கட்டு எழுந்த விதம்

அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் முதலில் அல்ஜீப்ரா எனப்படும் இயற்கணிதம், அடுத்த ஆண்டு வடிவியல், அதன்பின் இரண்டாம் இயற்கணிதம் என்று ஆண்டுக்கொரு பாடமாகக் கற்பிப்பது நெடுநாள் வழக்கம். இவ்வரிசை இயற்கையாக அமைந்தது போலத் தோன்றும். உண்மை அதுவன்று. ஹார்வர்டு கல்லூரி தன்னிடம் சேர விழைவோர் இயற்கணிதம் அறிந்திருக்க வேண்டுமென 1820-இல் விதித்தது. வடிவியலை 1844-இல் சேர்த்தது. அதற்குமுன் அவை கல்லூரிக்குள் கற்பிக்கப்பட்டவை. கல்லூரி வாயிலில் கேட்கப்பட்டதும் அவை பள்ளிக்கு இறங்கி வந்தன. கேட்கப்பட்ட வரிசையே கற்பிக்கும் வரிசையாயிற்று.

1892-இல் அந்நாட்டுத் தேசியக் கல்விக் கழகம், ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட் தலைமையில் பதின்மர் குழு ஒன்றை அமைத்தது. அதன் கணிதப் பிரிவிற்கு வானியலறிஞர் சைமன் நியூகோம் தலைமை தாங்கினார். ஓராண்டு இயற்கணிதம் கற்பித்தபின் இயற்கணிதத்தையும் வடிவியலையும் அருகருகே வைத்து இரண்டாண்டுகள் கற்பிக்கலாம் என்றனர் அப்பிரிவினர். கல்லூரி செல்வோர்க்கொரு பாடம், செல்லாதோர்க்கொரு பாடம் என்று பிரித்தலாகாது என்பது குழுவின் பெருங்கருத்து. இரண்டும் நல்ல கருத்துகளே, இரண்டும் நிலைபெறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர்நிலைப் பள்ளிகளில் ஏழை எளியோரின் பிள்ளைகள் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். உடனே, எல்லார்க்கும் இயற்கணிதம் எதற்கு என்னும் குரல் கல்வியாளரிடையே எழுந்தது. பொதுக் கணிதம், வணிகக் கணக்கு எனக் கிளைவழிகள் வகுக்கப்பட்டன. 1910-இல் அரசுப் பள்ளி உயர்நிலை மாணவருள் பாதிக்கு மேற்பட்டோர் இயற்கணிதம் பயின்றனர். 1955-இல் அப்பங்கு ஏறத்தாழக் கால் பங்காகச் சுருங்கிற்று. கிளைவழி எவருக்கு எனச் சொல்லவும் வேண்டுமோ?

கறுப்பின மக்களிடையே இவ்வழக்கு இன்னும் கூர்மை பெற்றிருந்தது. கைத்தொழிற் கல்வியை முதன்மைப்படுத்திப் புக்கர் டி. வாஷிங்டன் 1895-இல் அட்லாண்டா நகரில் உரையாற்றினார். உயர்கல்வியைக் கைவிட்டு உரிமை பெற இயலாதென டியூபாய்ஸ் 1903-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். தொழில் இழிவானதன்று. ஒரு சாராருக்குத் தொழில் மட்டுமே போதும் எனப் பிறர் முடிவு செய்வதே இழிவு. இவ்வுண்மை நமக்குப் புதிதன்று.

1954-இல் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாதென அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957 அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தவே, அமெரிக்கா தன் கணிதக் கல்வியை நோக்கிப் பதறியது. 1958-இல் எட்வர்டு பெகிள் தலைமையில் கூடிய அறிஞர் குழு புதுக் கணித நூல்களை எழுதிற்று. கணங்கள் பள்ளிப் பாடமாகப் பல நாடுகளில் பரவியது அவ்வலையால்தான். ஆயினும் பாடம் புதிதானதே தவிர, படிக்கட்டின் அடியில் நின்றோர் அங்கேயே நின்றனர்.

ஐந்து பாடம், நான்கு ஆண்டு

இங்கே ஒரு சிறு கணக்கைக் காண்போம். அந்நாட்டில் உயர்நிலைப் பள்ளி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகள். முதல் இயற்கணிதம், வடிவியல், இரண்டாம் இயற்கணிதம், நுண்கணிதத்திற்கு முன்பாடம், நுண்கணிதம் என வழக்கமான பாடங்கள் ஐந்து. நான்கு ஆண்டுகளில் ஐந்து பாடம் அடங்குமோ? அடங்காது. எனவே பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதம் பயில வேண்டுமாயின் எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதம் தொடங்க வேண்டும். பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு இயற்கணிதம் கிடைத்ததா இல்லையா என்பதே, பின்னாளில் அவன் பொறியியலுக்கும் அறிவியலுக்கும் எவ்வளவு எளிதாகச் செல்வான் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது. எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பாட அட்டவணையே தடுத்தது.

இதனைத் தெளிவாகக் கண்டு போராடியவர் ராபர்ட் மோசஸ். 1935-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பினத்தவர், கணித ஆசிரியர். 1961-இல் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்விக்கும் பணியில் இறங்கி, அடியும் சிறையும் ஏற்றவர். அங்கே வாக்காளராக வேண்டுவோர் மாநில அரசமைப்பின் ஒரு பகுதியைப் படித்து, பதிவு அலுவலர் மனநிறைவு கொள்ளுமாறு விளக்கம் எழுத வேண்டும். பள்ளியையே ஒழுங்காகத் தராத அரசு, எழுத்தறிவில்லை என்று வாக்கை மறுத்தது. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தபின்னரே அக்கொடுமை தளர்ந்தது.

பின்னர்த் தான்சானியாவில் சில ஆண்டுகள் கணிதம் கற்பித்துத் திரும்பிய மோசஸ், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் தம் மகள் பயின்ற பள்ளியில் எட்டாம் வகுப்பிற்கு இயற்கணிதமே இல்லையெனக் கண்டார். ஆசிரியையின் இசைவோடு வகுப்பிற்கே சென்று, மகளுக்கும் உடன் சிலருக்கும் 1982-இல் கற்பிக்கத் தொடங்கினார். அதுவே அல்ஜீப்ரா திட்டமாக வளர்ந்து, மிசிசிப்பியின் ஜாக்சன் நகரப் பள்ளிகள் வரை சென்றது. அன்று எழுத்தறிவு குடியுரிமைக்கு வாயிலாக இருந்தது போல இன்று கணித அறிவு வாயிலாக நிற்கின்றது என்பது அவர் கொள்கை. வாக்கில் இம்மக்களுக்கு நாட்டமில்லை என்று முன்னர்ச் சொன்னவர்களே, கணிதத்தில் இப்பிள்ளைகளுக்கு நாட்டமில்லை என்று பின்னர்ச் சொன்னார்கள். அம்மக்களே முன்வந்து கேட்டபோதுதான் அச்சொல் பொய்த்தது என்று அவர் விளக்கினார். 2021 ஜூலையில் தம் 86-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் கற்பித்த முறையும் அறியத்தக்கது. பிள்ளைகளை நகர ரயிலில் அழைத்துச் செல்வார். கண்டதைப் படமாக வரையச் சொல்வார். தம் சொந்தப் பேச்சில் சொல்லச் செய்வார். பின் அதனை ஒழுங்கான மொழியாக்கி, இறுதியாகவே குறியீட்டிற்கு வருவார். நம் ஊர்ப் பேருந்திலும் இதனைச் செய்யலாம். நம் ஊர் நிறுத்தம் சுழி. நகரத்தை நோக்கிய நிறுத்தங்கள் மிகை எண்கள். எதிர்ப்பக்கத்தவை குறை எண்கள். +3-இல் ஏறி −2-இல் இறங்கினால், இறங்கிய எண்ணினின்று ஏறிய எண்ணைக் கழிக்கக் கிடைப்பது −5. அதாவது ஐந்து நிறுத்தம், எதிர்த்திசைப் பயணம். குறை எண்ணைக் கழித்தலும் கூட்டலும் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு இதைவிட எளிய வழி யாது?

வாயிலை எங்கே வைப்பது என்பதில் இன்றும் அந்நாட்டில் வழக்குண்டு. சான்பிரான்சிஸ்கோ நகரில் 2014-இல், ஏற்றத்தாழ்வைப் போக்கும் நோக்கத்துடன், எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தை நீக்கி எல்லார்க்கும் ஒன்பதாம் வகுப்பில் வைத்தனர். வசதியுள்ளோர் வெளியே பணம் கட்டிக் கற்பித்துக்கொண்டனர். 2024-இல் பள்ளி வாரியம் அதனை மீண்டும் கொண்டுவர முடிவு செய்தது. நல்ல நோக்கத்தோடு வாயிலைத் தள்ளி வைத்தாலும், ஏணி வாங்க முடிந்தவன் ஏறிவிடுகின்றான் என்பதே இதன் பாடம்.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் கோத்தாரி ஆணையம் 1966-இல் தந்த அறிக்கை, முதற் பத்தாண்டுக் கல்வியில் கணிதமும் அறிவியலும் எல்லார்க்கும் கட்டாயம் என்றது. நம் மாநிலத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. இன்று நம் ஒன்பது, பத்தாம் வகுப்பு நூல்களில் இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல், புள்ளியியல் யாவும் ஒரே நூலில் இணைந்து வருகின்றன. அன்று பதின்மர் குழுவினர் விரும்பிய இணைப்பு அமெரிக்காவில் நிலைபெறவில்லை, நமக்கோ கிட்டியிருக்கின்றது. பத்தாம் வகுப்பு வரை மாநிலப் பாடத்திட்டத்தில் கிளைவழியும் இல்லை. மத்திய வாரியத்திலோ 2020 தேர்வு முதல் ஸ்டாண்டர்டு, பேசிக் என இருவகைக் கணிதத் தாள்கள் வந்தன. எளிய தாளைத் தேரும் பிள்ளைக்கு அதன் விளைவை எடுத்துரைப்பார் எவர் என்பதே நம் கவலை.

நமக்கு வாயில் பத்தாம் வகுப்பின் முடிவில் இருப்பதாகத் தோன்றுகின்றது. ஆனால் பின்னம், குறை எண், எளிய சமன்பாடு இவற்றை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பற்றிக்கொள்ளாத பிள்ளை, பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவைக் கேட்கவே அஞ்சுகின்றான். ஆண்டுதோறும் சேர்க்கை நாளில் நம் மேசைமுன் வந்து, கணக்கு வேண்டாம் ஐயா என்று தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகளைக் காண்கின்றோம். அக்குனிவு அன்று தோன்றியதன்று. ஏழாம் வகுப்பில் தோன்றியது. நமக்கும் வாயில் எட்டாம் வகுப்பே!

எனவே சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். மாலை வகுப்புகளைப் பத்தாம் வகுப்பில் தொடங்காது ஆறாம் வகுப்பில் தொடங்குக. சங்கத்தால் பயன்பெற்ற பட்டதாரிகள் வாரம் ஒரு மாலை வந்து கணக்குச் சொல்லித் தருக. பத்தாம் வகுப்பு முடிவு வரும் முன்னரே, எப்பிரிவு எங்கே கொண்டுசெல்லும் என்பதைப் பெற்றோரைக் கூட்டி விளக்குக.

இளைஞர்களே! விரும்பி வேறு பாடம் தேர்வது உங்கள் உரிமை; நாமும் வரலாற்றை விரும்பியே வாழ்கின்றோம். ஆனால் அறியாமையால் ஒரு கதவு சாத்தப்படுவது தேர்வாகாது. நமக்குச் சாத்தப்பட்ட கதவு நம் தம்பி தங்கையர்க்குத் திறந்திருக்கட்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டின் மலரில் இச்சங்கத்தின் கணித ஆசிரியர் ஒருவர் இக்கட்டுரையின் தொடர்ச்சியை எழுதுவாராக!